நாலு வீடு தள்ளி

தோணிக்காரர் தெருவில் பதினைந்தாம் நம்பர் வீட்டுக் கோமதிநாயகம் ஒரு திங்கட்கிழமை விடியற்காலையில் ஒரு வார்த்தையை மிச்சம் பிடித்தார். அதனால் வெள்ளிக்கிழமை வரை அவருக்கு வீடு வரவில்லை. நடந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் தெருக்காரர்கள் சேர்த்துக்கொண்டது.

மனிதர் பேச்சில் சிக்கனம். தூத்துக்குடி பஸ் ஸ்டாண்டில் முப்பத்தொரு வருடம் டைம் கீப்பராக இருந்தவர். கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு அவர் சொன்னதெல்லாம் ஒரே சொல்: "எடு." திருச்செந்தூர் வண்டியா, எடு, ஏரல் வண்டியா, எடு, டிரைவர் வாயில் பாதி வடை இருந்தாலும் எடு, கழுத்தில் மாலையோடு ஓடி வருகிற மாப்பிள்ளை படியில் ஒரு காலை வைத்திருந்தாலும் எடு என்று, காலையும் மாலையும் மழையும் வெயிலுமாக எத்தனையோ ஆயிரம் வண்டிகளை அனுப்பிவைத்தவர், ஒரு வண்டிக்காகவும் ஒருநாளும் காத்து நின்றதில்லை. ரிட்டயர் ஆன பிறகும் அந்தச் சொல் நாக்கை விட்டு இறங்கவில்லை. சாப்பிடும்போது அவர் மனைவி உலகம்மாள் "இன்னும் கொஞ்சம் ரசம்?" என்று கேட்டால் "எடு" என்பார். அது ஊற்று என்பதா, தூக்கிக்கொண்டு போ என்பதா என்று முப்பத்தெட்டு வருடமாக அந்த அம்மாளுக்கு விளங்கவில்லை.

அன்று அவர் டீக்கடைக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டும்போது, உலகம்மாள் அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள்.

"எங்க போறீய? வெள்ளிக்கிழமை கண்ணாசுபத்திரிக்கு வாறீயளா இல்லையா? மகளுக்கு லீவு கிடைக்கலியாம். கூட ஒரு ஆளு வேணும்னு சொல்லியிருக்காவ."

கிளம்புகிறவரை எங்கே என்று கேட்டது அவள் தப்பு. அதை அவளே ஒப்புக்கொள்வாள். ஆனால் அவளுக்கு வலது கண் சின்ன வயதிலிருந்தே மங்கல். நல்ல கண்ணான இடது கண்ணில் இப்போது புரை முற்றி, கோலப்புள்ளி ஒன்று மூன்றாகத் தெரிந்துகொண்டிருந்தது. அந்த ஒரு கண்ணையும் அறுக்கப் போகிறார்கள் என்றால் யாருக்கும் வாய் தவறும். கோமதிநாயகத்துக்கு எரிச்சல் வந்தது. இரண்டு கேள்விக்கும் சேர்த்து ஒரே பதிலாகச் சொன்னார்.

"போறேன்."

நம் பக்கத்தில் வீட்டை விட்டு இறங்குகிறவர் யாரும் அப்படிச் சொல்வதில்லை. கடைக்குப் போனாலும் கப்பலுக்குப் போனாலும் போயிட்டு வாரேன்தான். பேசப் பழகாத பிள்ளைக்குக்கூட முதலில் கற்றுக்கொடுப்பது அதைத்தான். இழவு வீட்டில் மட்டும் ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போவார்கள். கோமதிநாயகத்துக்கும் இது தெரியாததில்லை. 'வாரேன்' என்ற அந்த ஒரு சொல் வெள்ளிக்கிழமைக்கும் பதிலாகிவிடுமே என்றுதான் அதை விழுங்கினார்.

உள்ளேயிருந்து "சரி" என்று வந்தது. 'போயிட்டு வாங்க' வரவில்லை.

டீ குடித்தார், மூக்குப்பொடி போட்டார், பேப்பர் பார்த்தார், திரும்பினார். தெருமுனையில் மீரான் பஞ்சர் கடையைத் தாண்டியதும் தன் வீட்டுப் பச்சைக் கேட் தெரிந்தது. நடந்தார். பதினொன்றாம் நம்பர், பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு. அடுத்துப் பதினைந்து வரவேண்டும், பதினொன்று வந்தது. பச்சைக் கேட் நாலு வீடு தள்ளி நின்றது. செருப்பைத் தட்டிப் போட்டுக்கொண்டு மறுபடி நடந்தார். பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு, பதினொன்று.

ஆறாவது தடவை வந்தபோது, பதினொன்றாம் நம்பர் வாசலில் கையைக் காலை வீசிக்கொண்டிருந்த ஜெபமணி டீச்சர் நிறுத்திவிட்டு இடுப்பில் கைவைத்தார். பெண்கள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். கழுத்தில் விசில் இன்னும் தொங்கும்.

"என்ன அண்ணாச்சி, ஆறு தடவ குட்மார்னிங் சொல்லிட்டேன். ஒண்ணையாவது வாங்கிக்கிட்டா என்ன?"

"வீடு வரல."

"கிளம்பும்போது என்ன சொன்னீய?"

கோமதிநாயகம் வானத்தைப் பார்த்தார்.

"போறேன்னு சொல்லிட்டீயளா?"

"ம்."

"பொறவு எப்படி வரும்?"

வாயில் நுரையோடு பன்னிரண்டாம் நம்பர் வேதநாயகம் வெளியே வந்தார். உப்பளத்தில் மேஸ்திரியாக இருந்தவர். விஷயத்தைக் கேட்டுத் தலையாட்டினார். "எங்க பெரியப்பா ஒருத்தரு இப்படித்தான், சாயல்குடிச் சந்தைக்குப் போறேம்னுட்டு இறங்கினாரு. பதினோரு வருசம் ஊரு வரல. பெரியம்மையே பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு அங்க போயிட்டா." துப்பிவிட்டு வந்து, "கருவாட்டு யாவாரம். நல்ல வரும்படி" என்றார்.

யாரும் வாயைப் பிளக்கவில்லை. சொன்ன சொல் நடக்கிறது, இதில் என்ன இருக்கிறது. ஆனால் கைவைத்தியம் சொல்ல ஆள் சேர்ந்துவிட்டது. இப்போதாவது போயிட்டு வாரேன் என்று சொல்லும் என்றார்கள். சொன்னார். படியில் சொல்ல வேண்டியதைத் தெருவில் சொன்னால் அது தெருவுக்குத்தான் சேரும் என்று பதின்மூன்றாம் நம்பர் அம்மாள் உதட்டைப் பிதுக்கினாள். மறுமுனையிலிருந்து வந்து பாரும் என்றார்கள். வந்தார்; பத்தொன்பது, பதினெட்டு, பதினேழு, பதினாறு, மறுபடி பத்தொன்பது. மீரான் அவரைச் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து, கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி ஒரே மிதியாக மிதித்துப் பச்சைக் கேட்டில் போய் இறங்கினார். திரும்பிப் பார்த்தால் கேரியர் காலி. கோமதிநாயகம் பதினொன்றாம் நம்பர் வாசலில் உட்கார்ந்த வாக்கில் நின்றுகொண்டிருந்தார்.

கடைசியில் ஜெபமணி டீச்சர் பதினைந்தாம் நம்பருக்குத் தூது போனார். அவருக்கு வீடு வந்தது. உலகம்மாள் முருங்கைக்காயைத் தடவித் தடவி நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, வாங்கன்னு ஒரு வார்த்த கூப்பிட்டிருங்களேன்."

"அவிய போறேன்னாவ. நான் சரின்னேன். சொன்னபடிதான நடக்கு?"

"இருந்தாலும்..."

"வெள்ளிக்கிழமை வாறீயளான்னு கேட்டேன் டீச்சர். முதல்ல பதில் வரட்டும். பொறவு ஆளு வரட்டும்."

டீச்சர் திரும்பி வந்து அப்படியே சொன்னார். கோமதிநாயகம் "பாப்போம்" என்றார்.

பாப்போம் என்றால் இல்லை என்று அர்த்தம். கல்யாணத்துக்கு வருவீர்களா என்றாலும், கைமாத்து கிடைக்குமா என்றாலும் பாப்போம் என்பவர் வரமாட்டார், தரமாட்டார். டீச்சர் அதைக் கொண்டுபோய்ச் சொல்லவில்லை.

அவருக்கு ஆசுபத்திரி பயம். ரத்தம், ஊசி, மருந்து வாடை எல்லாம் ஒரு பொருட்டில்லை. ஆளை உள்ளே அனுப்பிவிட்டு, சாத்தின கதவைப் பார்த்தபடி ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருப்பது, வருவாளா, எப்படி வருவாள் என்று உட்கார்ந்திருப்பது; அதுதான். அவருக்கு அனுப்பத் தெரியும். காத்திருக்கத் தெரியாது. இதைப் போய் யாரிடம் சொல்ல?

அதனால் நடந்தார். மீரான் கடை பெஞ்சில் படுத்து எழுந்து, உலகம்மாள் டீச்சர் கையில் கொடுத்துவிட்ட தூக்குச்சட்டியில் இட்லியைத் தின்றுவிட்டு நடந்தார். வேளாவேளைக்குச் சோறு வந்தது, ஒரு சொல்லும் கூட வரவில்லை. ஆம்பிளை தனியாக நடந்தால் தெருவுக்கே கேவலம் என்று ஜெபமணி டீச்சர் விசிலோடு சேர்ந்துகொண்டார். டீச்சர் நடக்கிறாரே என்று அவரிடம் படித்த பதின்மூன்றாம் நம்பர் மருமகள் சேர்ந்தாள். டாக்டர் நடக்கச் சொல்லி நாலு வருடம் ஆகியும் துணையில்லை என்று சாக்குச் சொல்லிக்கொண்டிருந்த வேதநாயகம் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். பெரியவர் தலைசுற்றி விழுந்தால் பிடிக்க ஆள் வேண்டும் என்று மீரான் கடையைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு பால்காரர் சைக்கிளை உருட்டிக்கொண்டு, ஐஸ் கம்பெனிக்காரர் ஷிப்டு முடிந்த கையோடு, இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி, பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டு அவள் நாத்தனார், அவர்களுக்குப் பின்னால் சிந்துகிற சோற்றுக்காக இரண்டு கோழி என்று, செவ்வாய்க்கிழமை பதினொரு பேராக இருந்தது புதன்கிழமை சாயங்காலம் நாற்பத்து மூன்று பேராக ஆகிவிட்டது.

பதினைந்துக்கு அப்பால் குடியிருப்பவர்களுக்கு ஒரு சிக்கல் இருந்தது. அவரோடு சேர்ந்து நடந்தால் அவர்களுக்கும் வீடு வராது. அவரை விட்டு விலகினால் உடனே வந்துவிடும். இது பெண்களுக்கு ரொம்பவும் வசதியாகப் போயிற்று. "எங்கட்டி இவ்வளவு நேரம், தோசை யாரு சுடுவா?" என்று கேட்ட வீட்டுக்காரர்களிடம், "அண்ணாச்சிகூட நடந்தேன், வீடு வரல, நான் என்ன செய்ய?" என்றார்கள். வியாழக்கிழமைக்குள் நாலு வீட்டு ஆம்பிளைகள் தோசை சுடப் பழகிவிட்டார்கள்.

மீரானும் வேதநாயகமும் ஆறு வருடமாகப் பேசுவதில்லை. வேதநாயகம் வீட்டு ஓடைத்தண்ணி மீரான் கடை முன்னால் வந்து தேங்குகிற விவகாரம். இருவரும் கோமதிநாயகத்துக்கு இடப்புறமும் வலப்புறமுமாக நடந்தார்கள்.

"அண்ணாச்சி, ஒரு குழாய் போட்டா தண்ணி அந்தப் பக்கம் போயிரும்னு அவர்ட்ட சொல்லுங்க."

"குழாய் போட நான் ஆறு வருசமா ரெடி, இவருதான் மூஞ்சியத் திருப்பிட்டுப் போவாருன்னு அவர்ட்ட சொல்லுங்க."

"மூஞ்சியத் திருப்பினது யாருன்னு..."

கோமதிநாயகம் பொறுமை இழந்து சட்டென்று இரண்டடி பின்னால் போய்விட்டார். இருவரும் திரும்பி நேருக்கு நேர் பார்க்கும்படி ஆகிவிட்டது. அதற்குப் பிறகு இரண்டு சுற்று முழுக்கக் குழாயின் விட்டம் பற்றித்தான் பேச்சு.

வியாழக்கிழமை கவுன்சிலர் ஆள் ஒருவன் ஃபிளெக்ஸ் கொண்டுவந்து கட்டினான். 'நடைப்பயிற்சி நாயகரே' என்று போட்டு, அடையாள அட்டையிலிருந்து எடுத்த கோமதிநாயகம் படம், ஊரையே முறைத்துக்கொண்டு. அவர் நின்று பார்த்தார். "எடு" என்றார். அவன் சந்தோஷமாகச் செல்போனை நீட்டி, ஃபிளெக்ஸையும் அவரையும் சேர்த்து நாலு போட்டோ எடுத்தான்.

சிரிப்பும் சுண்டலுமாகத் தெரு கிடந்தது. ஆனால் நாள் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் பதினான்காம் நம்பரை நெருங்கும்போது கோமதிநாயகம் எட்டிப் பார்ப்பார். பச்சைக் கேட்டுக்குள் உலகம்மாள் கொடியில் துணி காயப்போடுவாள், கொடி எங்கே என்று காற்றைத் துழாவுவாள், கண்டுபிடிப்பாள். ஒருமுறை அவள் கொடியென்று நினைத்து ஈரச் சேலையை வெறும் காற்றில் போட்டுவிட்டு உள்ளே போனாள். அவர் அதை எடுத்துக் கொடியில் போட நாலு எட்டு வேகமாக வைத்தார். பதினொன்று வந்தது.

"நாளைக்கு எட்டு மணிக்கு, அண்ணாச்சி" என்றார் ஜெபமணி டீச்சர், விசிலைத் துடைத்தபடி. "நான் அக்காகூடப் போவேன். அதுல ஒண்ணுமில்ல. ஆனா நீங்க போகலன்னா, அந்த வீடு பொறவு எப்பவும் நாலு வீடு தள்ளிதான். பாத்துக்கிடுங்க."

கோமதிநாயகம் கூட்டத்தை விட்டு விலகினார். அந்தச் சுற்றை மட்டும் தனியாக நடந்தார்.

வெள்ளிக்கிழமை காலை ஆறேமுக்காலுக்கு, நாற்பத்து மூன்று பேரும் பன்னிரண்டாம் நம்பரைத் தாண்டிக்கொண்டிருந்தபோது பச்சைக் கேட் திறந்தது. உலகம்மாள் ஒயர்கூடையோடு இறங்கினாள். பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். ஒரு கையால் சுவரைத் தொட்டுக்கொண்டு, காலால் தரையைக் கேட்டுக் கேட்டு நடந்து வந்தாள். கூட்டம் தானாக நின்றது. டீச்சர் வாயிலிருந்து விசில் விழுந்தது. இந்தப் பக்கத்திலிருந்து போனால் வராத அந்த நாலு வீட்டுத் தூரம், அந்தப் பக்கத்திலிருந்து அவள் வரும்போது ஒவ்வொரு வீடாகக் குறைந்து, ஒன்றுமில்லாமல் போயிற்று. அவள் முன்னால் வந்து நின்று, கலங்கல் கலங்கலான உருவங்களைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"டீச்சர், கையக் குடுங்க. நேரமாச்சு."

ஜெபமணி டீச்சர் மூச்சுக் காட்டாமல் பின்வாங்கி, கோமதிநாயகத்தின் முதுகில் ஒரு தள்ளு தள்ளினார். பள்ளிக்கூடத்தில் எத்தனையோ பிள்ளைகளை நீளம் தாண்ட வைத்த தள்ளு. அவர் கை தானாக முன்னால் வந்தது. உலகம்மாள் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொண்டாள்.

நடந்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து கோவிலுக்கானாலும் கொடைத் திருவிழாவுக்கானாலும் அவர் பத்தடி முன்னால் போவார், அவள் பின்னால் ஓடி வருவாள். இப்போது அவள் கால் எடுத்துவைக்கும்வரை அவர் கால் காத்திருக்க வேண்டியிருந்தது. முதல் வீட்டுத் தூரத்தில் மூன்று தடவை இடறினார். நாற்பத்து இரண்டு பேர் பின்னால் செருப்புச் சத்தம் கேட்காமல் வந்தார்கள். கோழிகள்கூடச் சத்தம் போடவில்லை.

"அந்த மனுசனுக்குப் பயம் டீச்சர்" என்றாள் உலகம்மாள். "மக பிறந்த அன்னைக்கும் ஆசுபத்திரிப் பக்கம் வரல. கூண்டுக்குள்ளயே உக்காந்து எடு, எடுன்னு கத்திக்கிட்டே இருந்தாவளாம். நிக்கிற வண்டிய எல்லாம் அனுப்பிட்டு, வண்டியே இல்லாத இடத்தப் பாத்தும் எடு எடுன்னாவளாம். கண்டக்டர் ஒருத்தரு வந்து சொன்னாரு. கண்ணு ரெண்டும் செவந்திருந்துச்சாம். நான் இன்னைக்கு வரைக்கும் அவியட்ட கேட்டதில்ல."

கோமதிநாயகம் தொண்டையைச் செருமப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

மீரான் கடை வந்தது, டீக்கடை வந்தது, மெயின் ரோடு வந்தது. அங்கே உலகம்மாள் நின்றாள்.

"டீச்சரா இருந்தா இந்நேரம் நூறு பேச்சுப் பேசியிருப்பா. கண்ணுதான் தெரியல, மூக்குப்பொடி வாடை தெரியாதா எனக்கு?" கையை விடவில்லை. "வாறீயளா இல்லையான்னு கேட்டேனே. அதுக்காவது பதில் சொல்லுங்க."

"வந்துட்டேம்லா" என்றார்.

கண்ணாசுபத்திரி வாசலில் வாட்ச்மேன் கையை விரித்தான். "ஒரு பேஷண்ட்டுக்கு ஒரு ஆளுதான். இவ்வளவு பேரு எதுக்கு?"

"நாங்க ஆசுபத்திரிக்கா வந்தோம்? வாக்கிங் வந்தோம்" என்று ஜெபமணி டீச்சர் விசிலை ஊத, கூட்டம் ஆசுபத்திரிச் சுவரை ஒட்டிச் சுற்ற ஆரம்பித்தது.

உள்ளே, பச்சை அங்கியும் தலையில் குல்லாயுமாக உலகம்மாளை நர்ஸ் கூட்டிக்கொண்டு போனாள். கதவண்டை அவள் திரும்பினாள். அவர் எந்த இடத்தில் நிற்கிறார் என்று தெரியாமல், பொதுவாக அந்தப் பக்கமாகப் பார்த்துச் சொன்னாள்.

"போயிட்டு வாரேன்."

கோமதிநாயகத்துக்கு நாக்கு நுனிவரை 'எடு' வந்தது. விழுங்கினார். இத்தனை வயதில் இந்தச் சொல்லுக்கு அவர் பதில் சொன்னதேயில்லை. எப்போதும் போகிறவர் அவர். பதில் சொல்லுகிற வேலை வீட்டில் இருக்கிறவளுடையது.

"பெரியவரே, டாக்டர் காத்திருக்காரு" என்றாள் நர்ஸ்.

"வா" என்றார். அது சின்னதாக இருந்தது. போதவில்லை. "போயிட்டு வா. நான் இங்கனதான் இருப்பேன். இந்தா, இந்தப் பெஞ்சுதான். எம்புட்டு நேரம் ஆனாலும் சரி, எங்கயும் போகமாட்டேன். அவசரப்படாத. மெதுவா வா."

ஒரு வாரத்துக்குப் பேசுகிற பேச்சு அது. கதவு சாத்திக்கொண்டது.

உட்கார்ந்தார். எழுந்தார். உட்கார்ந்தார். பெஞ்சுக்கு எதிரே ஒரு ஜன்னல். அதில் முதலில் டீச்சர் தலை போயிற்று, பிறகு வேதநாயகம், மீரான், பால்காரர் சைக்கிள் ஹேண்டில்பார், இடுப்புப் பிள்ளை. ஒவ்வொரு தலையும் உள்ளே பார்த்துப் புருவத்தை உயர்த்தும். அவர் தலையை இடவலமாக ஆட்டுவார். இன்னும் இல்லை. தலைகள் போய்விடும். ஜன்னல் வெறுமனே இருக்கும். அந்த வெறும் ஜன்னலைப் பார்த்திருக்கும் நேரம்தான் அவருக்கு மலையாக இருந்தது. மறுபடி டீச்சர் தலை வரும். பதினாலாம் சுற்றில், அவர் பார்த்துக்கொண்டிருக்காத நேரத்தில், கதவு திறந்தது. "இடிச்சிக்கிட்டு நிக்காம வழிய விடுங்க" என்று நர்ஸையே அதட்டிக்கொண்டு, கண்ணில் கட்டும் மேலே கறுப்புக் கண்ணாடியுமாக உலகம்மாள் வந்தாள். ஜன்னலுக்கு வெளியே கேட்ட சத்தத்தில் வாட்ச்மேன் ஓடிவந்தான்.

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் அனுப்பினார்கள். ஆட்டோ வந்து நின்றது. உலகம்மாள் வேண்டாமென்றாள். மெதுவாக நடந்தே வந்தார்கள். வழியெல்லாம் அவள் உள்ளே நடந்ததைச் சொல்லிக்கொண்டு வந்தாள்: டாக்டர் ஏதோ பாட்டை முணுமுணுத்தாராம், பாதியில் வரி மறந்துவிட்டதாம், கண்ணை அறுத்துக்கொண்டிருக்கும்போதே இவள் எடுத்துக் கொடுத்தாளாம். கோமதிநாயகத்துக்கு அந்தக் கதை வேடிக்கையாக இருந்தது. பின்னால் ஓடைக் குழாய்க்கு யார் வீட்டுப் பக்கமிருந்து தோண்டுவது என்று பலத்த விவாதம். கோமதிநாயகம் "அப்புறம்?" என்றார். எந்த நம்பர் வந்தது, எந்த நம்பர் போயிற்று என்று யாரும் எண்ணவில்லை. முழங்காலில் ஏதோ இடித்ததும்தான் குனிந்து பார்த்தார். பச்சைக் கேட்.

கூட்டம் பேச்சை நிறுத்தியது. உலகம்மாள் கூடைக்குள் கையை விட்டுச் சாவியைத் தேடினாள். கோமதிநாயகம் திரும்பி நாற்பத்து இரண்டு முகத்தையும் பார்த்தார். ஏதாவது சொல்ல வேண்டும். நன்றி என்றெல்லாம் நம் தெருவில் யாரும் சொல்வதில்லை. விடைபெறுகிறவர்கள் சொல்வதைச் சொன்னார்.

"வாரேன்."

"வாங்க அண்ணாச்சி" என்றார்கள் எல்லோரும் ஒரே குரலில்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு வாசலில் விசில் கேட்டது. கதவைத் திறந்தார். கேட்டுக்கு வெளியே எல்லோரும் நின்றிருந்தார்கள், கோழிகள் உட்பட.

"என்ன?"

"என்னவா? வாரேன்னு சொன்னீயள்லா" என்றார் ஜெபமணி டீச்சர்.

"அது சும்மா..."

"சும்மா சொல்லி எங்க பெரியப்பா சாயல்குடியில கெடந்தாரு" என்றார் வேதநாயகம். "பட்டும் புத்தி வரலியா அண்ணாச்சி? நாங்க அத்தன பேரும் கேட்டோம்."

கோமதிநாயகம் முறைத்தார். கதவைச் சாத்தப் போவதுபோல உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் உலகம்மாளின் செருப்பு இருந்தது. அதைப் படியில் தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்தார், ஒன்று கோணியிருந்ததை நேராக்கினார். தன்னுடையதைப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"சொட்டு மருந்து விட்டிருக்கா" என்றார். "அஞ்சு நிமிசம் கண்ண மூடி உக்காரணுமாம்."

எல்லோரும் நின்றார்கள். அவரும் கேட்டில் சாய்ந்து நின்றார்.